ஸ்விஃப்ட் இடது ஆக்ஸில் ஹப்பில் இறுகிவிட்டது, அடித்தும் அசையவில்லை

உப்பளத்தான் (தூத்துக்குடி), சனி இரவு

வணக்கம் நண்பர்களே. என் வண்டி 2009 ஸ்விஃப்ட், 1.3 பெட்ரோல். வீடு கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, வாசல் கேட் இரண்டு வருடத்தில் துருப்பிடித்து உதிரும், அப்படிப்பட்ட காற்று. இரண்டு மாதமாக ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்துத் திருப்பும்போது இடது முன்சக்கரத்திலிருந்து டக் டக் டக் என்று சத்தம். குனிந்து பார்த்தால் வெளி சிவி ஜாயிண்டின் (சக்கரம் திரும்பும்போதும் தண்டைச் சுற்றவிடும் மூட்டு) ரப்பர் பூட் மடிப்பில் கிழிந்து, ரிம்முக்கு உள்பக்கம் பூராவும் கறுப்பு கிரீஸ் சிதறிக் கிடந்தது. மண்ணும் உள்ளே போய்விட்டது. அதனால் பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை என்று முழு ஆக்ஸிலாகவே (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) வாங்கிவிட்டேன்.

இன்று காலை ஆரம்பித்தேன். நடு நட்டில் குத்தி மடக்கியிருந்த உதட்டைச் சின்ன உளியால் நிமிர்த்தி, மனைவி பிரேக்கை மிதித்துப் பிடிக்க, நான்கடி பைப் போட்டுக் கழற்றியாயிற்று. சக்கரம், காலிப்பர், டிஸ்க் எல்லாம் இறக்கிவிட்டேன். லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டும் விட்டுவிட்டது. ஆனால் ஆக்ஸில் முனை, சக்கரம் மாட்டும் ஹப்பை விட்டு ஒரு நூல்கூடப் பின்னால் போகவில்லை. மரக்கட்டை வைத்து அடித்தேன், கட்டை பிளந்ததுதான் மிச்சம். அப்புறம் பழைய நட்டை மேலே திருகிவைத்து இரண்டு பவுண்டு சுத்தியலால் நேராகவே அடித்தேன். அடித்தால் கை அதிர்கிறது, அது அசையவில்லை. துரு கரைக்கும் ஸ்பிரே ஒரு டப்பா காலி.

நான்கு வருடத்துக்கு முன்னால் வெளியூரில் ஒரு பட்டறையில் இதே பக்கம் ஆக்ஸிலைக் கழற்றி மாட்டினார்கள். அதன் பிறகு யாரும் கை வைக்கவில்லை. இன்னும் பலமாக அடிக்கலாமா, வேறு வழி இருக்கிறதா?

நான்காம் கியர் (சென்னை)

மற்றதெல்லாம் அப்புறம். வண்டி இப்போது எதன் மேல் நிற்கிறது?

உப்பளத்தான்

வண்டியோடு வந்த ஜாக்கி, பக்கத்தில் பாதுகாப்புக்கு இரண்டு ஹாலோ பிளாக்.

நான்காம் கியர்

தயவுசெய்து நாளைக்கு அதன் அடியில் கை நீட்டாதீர்கள் அண்ணா. ஹாலோ பிளாக் சுவர் கட்டுவதற்கு, பரவலான எடையைத்தான் தாங்கும். ஒரு முனையில் குவிந்த எடையோடு சுத்தியல் அதிர்ச்சியும் சேர்ந்தால் சத்தமே இல்லாமல் நொறுங்கும், சாய்ந்துகொண்டு எச்சரிக்கை எல்லாம் கொடுக்காது. வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டுமே. நீங்கள் செய்வது பக்கவாட்டில் இழுத்து, நெம்பி, அடிக்கும் வேலை. இரண்டு ஜாக் ஸ்டாண்ட் வாங்குங்கள், இல்லையென்றால் டயர் கடையில் இரவல் கேளுங்கள். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்துப் பாடிக்கு அடியில் தள்ளிவிடுங்கள், எது கைவிட்டாலும் அது தாங்கும். கண்ணாடியும் போடுங்கள். இரும்பை இரும்பால் அடிக்கும்போது சுத்தியல் விளிம்பிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணுக்குள் போய் ஆஸ்பத்திரிக்கு ஓடியவரை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

பழைய பட்டறை (மதுரை)

தம்பி, முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள். இதுவரை அடித்ததில் மரை கெட்டிருக்காது என்று நம்புவோம், நட்டு வைத்து அடித்தது நல்ல வேலை.

1983 கடைசியில் மாருதி 800 வந்தபோது நான் பட்டறையில் எடுபிடிப் பையன். அதுவரை எங்களுக்கு ஆக்ஸில் என்றால் அம்பாசடரும் பியட்டும்தான், பின்சக்கரத்தில் இருக்கும், போல்ட்டைக் கழற்றி இழுத்தால் வந்துவிடும். முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் ஒரே தண்டு என்ஜின் சக்தியையும் கடத்தணும், ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பணும், பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது நீண்டு சுருங்கவும் வேண்டும் என்பதை அந்த வண்டியில்தான் கற்றுக்கொண்டோம். கற்றுக்கொள்வதற்குள் எத்தனையோ ஜாயிண்டைக் கெடுத்தோம்.

அன்றைக்கு என் ஆசான் சொன்னதுதான் உங்களுக்கும். ஆக்ஸில் வரவில்லை என்றால் எந்த முனை வரவில்லை என்று முதலில் பார். வெளிமுனை ஹப்பில் பல்லோடு பல் கோத்து நிற்கிறது, அங்கே எதிரி துரு. உள்முனை கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்ன வளையக் கிளிப்பில் மாட்டி நிற்கிறது, அங்கே துருவே கிடையாது, எண்ணெயில் ஊறிக் கிடக்கும், எதிரி அந்தக் கிளிப்தான். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் பொருள் உடையும்.

உங்களுக்கு இப்போது வெளிமுனை. சக்கரம் சுற்றும்போது அந்தப் பல்லுக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உரசல் இருக்கும். அந்த உரசலில் உதிரும் இரும்புத்தூள் ஈரம் பட்டுத் துருவாகும். துரு என்பது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கிற சங்கதி. இடைவெளி இல்லாத இடத்தில் அது ஊதினால் ஆப்பு அடித்த மாதிரி ஆகிவிடும், அதுவும் உங்கள் ஊர்க் காற்றில். பல்லுக்கு இடையில் எண்ணெய் இறங்கவே ஒரு இரவு வேண்டும். அடித்து அடித்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஸ்பிரே அடித்தால் அது வெளியே வழிந்து தரையைத்தான் நனைக்கும். முனையைச் சுற்றி எண்ணெய் விட்டு, பித்தளைக் கம்பி வைத்து லேசாக நாலு தட்டுத் தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, போய்த் தூங்குங்கள்.

நெடுஞ்சாலை (சேலம்)

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? கேஸ் வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டு ஹப் நடுவைச் சிவக்கச் சூடாக்கினால் விரிந்து கொடுத்துவிடும். எங்கள் ஊரில் லாரிக்கெல்லாம் அப்படித்தான் செய்வார்கள்.

பழைய பட்டறை

லாரி ஹப்புக்கும் இந்த ஹப்புக்கும் வித்தியாசம் உண்டு தம்பி. இதில் பேரிங் ஹப்பைச் சுற்றியே அழுத்திப் பொருத்தியிருக்கிறது, சீல் செய்தது, உள்ளே இருக்கும் கிரீஸ் ஆயுசுக்கும் அதுதான். நடுவைச் சிவக்கவைத்தால் கிரீஸ் உருகி ஓடும், ரப்பர் சீல் கருகும், ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் ஊளையிடும். அதுபோக அவர் ஒரு டப்பா ஸ்பிரே அடித்திருக்கிறார், பக்கத்தில் கிழிந்த பூட்டில் கிரீஸ் இருக்கிறது. அதன் மேல் தீ காட்டச் சொல்லாதீர்கள். பேரிங்கையும் மாற்றப்போகிறவர் வேண்டுமானால் கடைசி வழியாகச் சூடாக்கட்டும், அதுவும் துடைத்துக் காயவைத்த பிறகு, ஹப்பை மட்டும், தண்டில் சூடு ஏறாமல். தண்டும் சேர்ந்து விரிந்தால் பலன் பூஜ்யம்.

நெடுஞ்சாலை

சரி, பேரிங் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. சொன்னது நல்லது.

கோவை லேத் (கோயம்புத்தூர்)

உப்பளத்தான், உங்களுக்குத் தேவை புல்லர், அதாவது போல்ட்டை முறுக்கி இழுத்துப் பிரிக்கும் கருவி. கடையில் மூன்று கால் புல்லர் கிடைக்கும், ஆனால் அதன் கால்கள் ஹப் விளிம்பில் நழுவும், நழுவினால் முகத்துக்கு நேராக வரும். எந்த லேத் பட்டறையிலும் அரை நாளில் செய்யக்கூடிய ஒரு தகடு சொல்கிறேன்.

16 எம்எம் கனத்தில் இரும்புத் தகடு, 150 எம்எம் சதுரம். உங்கள் வண்டி ஹப்பில் வீல் நட்டு ஏறும் நான்கு ஸ்டட், அவை 100 எம்எம் வட்டத்தில் இருக்கின்றன. அதே வட்டத்தில் நான்கு துளை. நடுவில் ஒரு துளை போட்டு பின்பக்கம் 20 எம்எம் ஹைடென்சில் நட்டு வைத்து முழுக்கப் பற்றவைக்கச் சொல்லுங்கள். அதற்கேற்ற நீளமான ஹைடென்சில் போல்ட் ஒன்று, அதன் முனையைக் கூம்பாகக் கடைந்து வாங்குங்கள். ஆக்ஸில் முனையைத் துடைத்துப் பார்த்தால் நடுவில் சின்னக் குழி தெரியும், அதைக் கடைந்தபோது லேத்தில் சென்டர் பிடித்த குழி. கூம்பு அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், வழுக்காது. தகட்டை உங்கள் வீல் நட்டுகளாலேயே நான்கு ஸ்டட்டிலும் மாட்டிவிட்டு நடு போல்ட்டை முறுக்கவேண்டியதுதான். போல்ட் மரையிலும் கூம்பிலும் கிரீஸ் தடவுங்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சுத்தியலால் அடிக்கும்போது அந்த அடி எங்கே போகிறது? தண்டிலிருந்து பல் வழியாக ஹப்புக்கு, ஹப்பிலிருந்து பேரிங்கின் உள்வளையத்துக்கு, குண்டுகள் வழியாக வெளிவளையத்துக்கு, அங்கிருந்து பேரிங்கைத் தாங்கும் நக்கிளுக்கு. ஒவ்வொரு அடியும் குண்டுகளைப் பள்ளத்தில் குத்துகிறது. தகடு போட்டு முறுக்கினால் தண்டை உள்ளே தள்ளுவதும் ஹப்பை வெளியே இழுப்பதும் ஒரே தகடு, விசை ஹப்புக்கும் தண்டுக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது, பேரிங்குக்குப் போவதே இல்லை. பேரிங்கைக் காப்பாற்றும் வழி இதுதான்.

முறுக்கி, கை நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள். போல்ட் தலையில் ஒரு தட்டு. அரை மணி கழித்து வந்தால் இன்னும் கால் சுற்று ஏறும். நேர் எதிரே மட்டும் நிற்காதீர்கள்.

பனிக்காலம் (ஸ்கார்பரோ)

நான் யாழ்ப்பாணம், இப்போது இருபது வருடமாக டொராண்டோப் பக்கம். இங்கே குளிர்காலத்தில் பனி உருக வீதிக்கு உப்புக் கொட்டுவார்கள், ஐந்து மாதம் கார் உப்புத் தண்ணியில்தான் ஓடும். ஆக்ஸில் ஹப்பில் இறுகுவது இங்கே கராஜ்களில் அன்றாடச் சங்கதி. அவர்கள் காற்றுச் சுத்தியலில் கூர்முனை போட்டு அந்த நடுக்குழியில் வைத்து அதிரவைப்பார்கள். பலமான பத்து அடியைவிட நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சின்ன அதிர்வு துருவை உதிர்க்கும். கம்ப்ரசர் இருக்கிற டயர் கடை பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கோ அண்ணை.

தகடு போட்டும் வரவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. உள்முனையை முதலில் கியர்பாக்ஸிலிருந்து விடுவித்து, ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர்) போல்ட் இரண்டையும் டை ராட் எண்டையும் (ஸ்டியரிங் இணைப்பு) கழற்றி, நக்கிளை ஆக்ஸிலோடு சேர்த்தே வெளியே எடுத்துவிடலாம். அதை ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் அமுக்கினால் வராதது எதுவும் நான் பார்க்கவில்லை. அமுக்கும்போது ஹப்பின் முகத்துக்கு அடியில் தாங்கு கொடுக்க வேண்டும், நக்கிளுக்கு அடியில் அல்ல. நக்கிளைத் தாங்கினால் பேரிங் பிரிந்து வந்துவிடும். பிறகு சக்கர அலைன்மெண்ட் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் கூடுதல் செலவு.

உப்பளத்தான், திங்கள் இரவு

வந்துவிட்டது! ஹப்பை விட்டு வந்துவிட்டது!

நேற்று டயர் கடை அண்ணாச்சியிடம் ஜாக் ஸ்டாண்ட் இரவல் வாங்கினேன். நான்காம் கியர், ஹாலோ பிளாக்கைத் தூக்கியபோது ஒன்றின் அடியில் மயிரிழை போல விரிசல் ஓடியிருந்தது. சனிக்கிழமை முழுக்க அதன் பக்கத்தில்தான் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இன்று மதியம் லேத்தில் தகடு கிடைத்தது. மாட்டி, கூம்பு குழியில் உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டு முறுக்கினேன். முதல் அரை மணி ஒன்றுமே இல்லை. பைப் போட்டு இன்னும் கால் சுற்று, போல்ட் தலையில் ஒரு தட்டு. சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்து கை வைக்கலாம் என்று போனேன். திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே ‘டணார்’ என்று சத்தம். யாரும் தொடவே இல்லை, தானாக விட்டது. ஓடிப்போய் பார்த்தால் தண்டு இரண்டு எம்எம் உள்ளே போயிருந்தது, ஹப் பல்லிலிருந்து செங்கல்பொடி மாதிரி சிவந்த தூள் கொட்டிக் கிடந்தது. அதன் பிறகு போல்ட்டைச் சாதாரண ஸ்பானரிலேயே திருக முடிந்தது.

இப்போது உள்பக்கம் மிச்சம். அது கியர்பாக்ஸை விட்டு வரவில்லை. நாளை பார்க்கிறேன்.

கோவை லேத்

அந்தச் சத்தம் கேட்டதும் வரும் சந்தோஷமே தனி. வாழ்த்துகள்.

நான்காம் கியர்

கியர்பாக்ஸ் பக்கம் போவதற்கு முன் ஆயிலை வடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஆக்ஸில் வந்ததும் முழுக்க முகத்தில் கொட்டும். வடிப்பதற்கு முன் ஆயில் ஊற்றும் மேல் பிளக்கைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். கீழே வடித்துவிட்டு மேல் பிளக் துருவில் சிக்கிக்கொண்டால் ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்கும்.

உப்பளத்தான், செவ்வாய் மதியம்

அவசரம். ஆயில் வடித்தாயிற்று, மேல் பிளக் சுலபமாகவே வந்தது. ஆக்ஸிலை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்தேன். வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். ‘சளப்’ என்று வந்தது, ஆனால் தண்டு மட்டும்தான் கையில் இருக்கிறது. அதன் முனையில் மூன்று உருளை வைத்த ஒரு நட்சத்திரம், கறுப்பு கிரீஸ் வழிகிறது, பூட் அறுந்து தொங்குகிறது. கிண்ணம் மாதிரி ஒன்று கியர்பாக்ஸிலேயே நின்றுவிட்டது. கியர்பாக்ஸை உடைத்துவிட்டேனா?

பழைய பட்டறை

பயப்படாதீர்கள், ஒன்றும் உடையவில்லை. உள் ஜாயிண்டை ட்ரைபாட் என்போம். மூன்று உருளையும் கிண்ணத்தின் மூன்று வாய்க்காலில் முன்னும் பின்னும் ஓடும்படி வைத்திருப்பார்கள். தண்டு நீண்டு சுருங்கணும் என்று சொன்னேனே, அது நடக்கும் இடம் இதுதான். அதனால் தண்டைப் பிடித்து இழுத்தால் கிளிப்புக்கு ஒரு இழுப்பும் போகாது, உருளை வாய்க்காலை விட்டு வெளியேதான் வரும். பழைய ஆக்ஸிலைத் தூக்கிப் போடப்போகிறீர்கள் என்பதால் நஷ்டமில்லை. அதே ஆக்ஸிலைத் திரும்ப மாட்டுகிறவர் இதைச் செய்தால் உருளைக்குள் இருக்கும் ஊசி பேரிங் மண்ணில் சிந்திவிடும், பூட்டும் போச்சு.

இப்போது கிண்ணத்தை மட்டும் எடுக்கணும். சொல்லப்போனால் இடம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. லாரி டயர் கழற்றும் லீவர் இருக்கிறதே, தட்டையாக, முனை லேசாக வளைந்து, அது இரண்டு வாங்குங்கள். கிண்ணத்துக்கும் கியர்பாக்ஸ் பாடிக்கும் நடுவில் ஒன்று மேலே, ஒன்று கீழே, நேர் எதிர் எதிராக. ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் கிண்ணம் சாய்ந்து உள்ளே பல் இறுகிக்கொள்ளும். பாடி அலுமினியம், மெல்லிய இடத்தில் தாங்கு வைத்தால் விரிசல் விட்டுவிடும், பிறகு கியர்பாக்ஸே மாற்றணும். வார்ப்பில் கனமாக, விலா எலும்பு மாதிரி தூக்கிய இடம் தெரியும், அங்கே மட்டும், அடியில் ஒரு தகடு வைத்து. ஆயில் சீல் விளிம்பில் லீவர் முனை படவே கூடாது.

நான்காம் கியர்

பழைய பட்டறை ஐயா சொன்னதோடு அந்தக் கிளிப் எப்படி வேலை செய்கிறது என்றும் சொல்கிறேன், தெரிந்தால் கை தானாகச் சரியாகப் போகும்.

கிண்ணத்தின் பின்னால் பல் வெட்டிய குட்டைத் தண்டு இருக்கும். அதன் முனையில் ஒரு பள்ளம், அதில் வாய் திறந்த கம்பி வளையம். உள்ளே போகும்போது சுருங்கி, கியர்பாக்ஸுக்குள் தண்டைச் சுழற்றும் டிஃபரென்ஷியல் பக்க கியரைத் தாண்டியதும் விரிந்து பிடித்துக்கொள்ளும். வெளியே வரும்போது கியரின் உள்விளிம்பில் உள்ள சரிவில் ஏறித் திரும்பச் சுருங்க வேண்டும். வளையம் பள்ளத்தில் தளர்வாகத்தான் இருக்கிறது, எடையால் கீழே தொங்கி ஒரு பக்கம் அதிகமாகத் துருத்தும். மெதுவாக, விடாமல் இழுத்தால் அந்தப் பக்கம் விளிம்பில் மாட்டிக்கொண்டு நிற்கும். சட்டென்று ஒரு குறுகிய வெட்டு கொடுத்தால் சுருங்கிவிடும். அதனால் நெம்பிப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். லீவரை லேசாக இறுக்கி வைத்து, அதன் வெளிமுனையில் உள்ளங்கையால் அல்லது ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. வரவில்லையா, கிண்ணத்தைக் கால் சுற்று திருப்பி மறுபடி. ஒவ்வொரு திருப்பத்திலும் வளையம் வேறு மாதிரி உட்காரும், ஏதோ ஒரு இடத்தில் விடும்.

மலைக்கோட்டை (திருச்சி)

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நான் இரண்டு பக்க ஆக்ஸிலையும் ஒரே நாளில் மாற்றலாம் என்று இருக்கிறேன். வலது பக்கத்தையும் சேர்த்துக் கழற்றிப் போடலாமா?

பழைய பட்டறை

ஒரே நாளில் மாற்றுங்கள், ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். சில கியர்பாக்ஸில் இரண்டு தண்டும் வெளியே வந்துவிட்டால் உள்ளே பக்க கியர் இடம் நகர்ந்து சாய்ந்துவிடும், அப்புறம் புதுத் தண்டு பல்லில் ஏறவே ஏறாது, கியர்பாக்ஸை இறக்கவேண்டி வரும். ஒரு பக்கத்தை முடித்து மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். என்ஜின் பராமரிப்புக்காக இரண்டையும் எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு பக்கம் பழைய கிண்ணத்தைச் செருகி வையுங்கள்.

வலது பக்கத்தில் இன்னொன்று. சில வண்டிகளில் அந்தப் பக்கம் என்ஜின் பிளாக்கில் பிராக்கெட் வைத்து நடுத்தண்டு ஒன்று தனியாக ஓடும். அங்கே நெம்பினால் பிராக்கெட் பேரிங்தான் கெடும். கழற்றுவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

பனிக்காலம்

ஆக்ஸில் வெளியே இருக்கும்போது வண்டியைத் தள்ளி நகர்த்தவும் வேண்டாம். முன்சக்கர பேரிங்கை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதே அந்தத் தண்டும் நட்டும்தான். அது இல்லாமல் எடை ஏற்றி உருட்டினால் பேரிங் உள்வளையம் விலகி விடும். கட்டாயம் நகர்த்த வேண்டும் என்றால் பழைய வெளி ஜாயிண்டை மட்டும் ஹப்பில் செருகி நட்டை முறுக்கிவிட்டுத் தள்ளுங்கோ.

உப்பளத்தான், புதன் இரவு

முடிந்தது. பொறுமையாகப் படித்து வழிகாட்டிய அனைவருக்கும் விவரமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டு டயர் லீவர், அடியில் பழைய ஸ்பிரிங் பட்டைத் துண்டு. முதல் இடத்தில் பத்துத் தட்டு, அசையவில்லை. கால் சுற்றுத் திருப்பினேன், அப்போதும் இல்லை. மறுபடி திருப்பி மூன்றாவது இடத்தில் தட்டியதும் ‘டக்’ என்று விட்டு அரை விரல் இடைவெளி வந்தது. அதன் பிறகு கையால் நேராகத் தாங்கிப் பிடித்து இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது.

ஏன் அவ்வளவு அடம்பிடித்தது என்பது கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. வளையம் வட்டமாக இல்லை. ஒரு முனை வெளியே மடங்கி, தூண்டில் முள் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. நான்கு வருடத்துக்கு முன் கழற்றியபோது நெம்பி வளைந்த பழைய வளையத்தையே திரும்பப் போட்டு அடித்து ஏற்றியிருக்கிறார்கள். சில ரூபாய்ச் சாமான். ஹப் பல்லிலும் ஒரு துளி கிரீஸ் கிடையாது. இந்த இரண்டையும் பார்த்துச் செய்திருந்தால் இந்த நான்கு நாள் வேலை ஒரு மதியத்தில் முடிந்திருக்கும். அன்று கூலியைப் பேரம் பேசாமல் முழுசாகக் கொடுத்தேன் என்பதுதான் வருத்தமாக இருக்கிறது.

ஆயில் சீல் உதட்டில் சின்ன வெட்டு இருந்தது, யோசிக்காமல் புதிது வாங்கிவிட்டேன். பழையது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருந்தது என்று அளந்து வைத்துக்கொண்டு, அதே ஆழத்துக்கு ஒரு பெரிய சாக்கெட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினேன். புது ஆக்ஸிலில் வளையம் புதிதாகவே வந்தது. கிரீஸ் வைத்து அதைப் பள்ளத்தின் நடுவில் நிறுத்தி, பல் சீல் உதட்டைக் கீறாமல் நேராகப் பிடித்துத் தள்ளினேன், ‘க்ளிக்’. கிண்ணத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், நின்றுவிட்டது. இந்த முறை தண்டைப் பிடித்து இழுக்கவில்லை.

ஹப் உள்பல்லை வயர் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தேன். துணியில் சிவப்பு வருவது நிற்கவே முக்கால் மணி ஆயிற்று. நடு நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், பழைய நட்டே போதுமா? சக்கரத்தைத் தரையில் இறக்கிவிட்டு முறுக்கலாமா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள், நாளை காலை முடித்துவிடுவேன்.

பழைய பட்டறை

புது நட்டுதான். குத்தி மடக்கிய உதடு ஒரு தடவைக்குத்தான், பழையதில் அதே இடம் மறுபடி தண்டின் பள்ளத்துக்கு நேராக வராது. பல்லில் துருத் தடுக்கும் செம்பு கிரீஸ் மெல்லிசாக ஒரு பூச்சு, மரையில் படாமல். தரையில் இறக்கி முறுக்க வேண்டாம், எடை ஏறுவதற்கு முன்பே பேரிங் இறுகியிருக்கணும். வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே டிஸ்க், காலிப்பர் எல்லாம் மாட்டி, வீட்டில் பிரேக்கை மிதிக்கச் சொல்லி முறுக்குங்கள். அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மானுவலில் உங்கள் மாடலுக்குப் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்கணும். பைப் போட்டுக் கை போன வரைக்கும் என்று விடாதீர்கள், குறைந்தாலும் பேரிங் போகும், கூடினாலும் போகும்.

உப்பளத்தான், வியாழன் மதியம்

டார்க் ரெஞ்ச் டயர் கடை அண்ணாச்சியிடமே கிடைத்தது. முறுக்கி, புது நட்டின் உதட்டைப் பள்ளத்தில் குத்தி மடக்கி, மேல் பிளக் வாயில் வழியும்வரை கியர் ஆயில் ஊற்றி மூடினேன். துறைமுகச் சாலையில் ஒரு காலி இடத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பத்து வட்டம் போட்டேன். டயர் மண்ணில் உரசும் சத்தம் மட்டும்தான் கேட்டது. வீட்டுக்கு வந்து அடியில் அட்டை போட்டு வைத்திருக்கிறேன், இதுவரை ஒரு சொட்டு ஆயில் இல்லை.

தகட்டைக் கழுவி எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் யாருக்காவது நூறு எம்எம் வட்டத்தில் நான்கு ஸ்டட் ஹப் இறுகிவிட்டால் இங்கே எழுதுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.

மலைக்கோட்டை

அண்ணா, திருச்சி வரைக்கும் வருமா? வலது பக்கம் நட்டு கழன்றுவிட்டது, தண்டு அசையவில்லை. இன்றைக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

உப்பளத்தான்

சாயங்காலம் பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுகிறேன் தம்பி. வீல் நட்டை முழு மரையும் ஏறும்வரை முறுக்குங்கள், நேர் எதிரே நிற்காதீர்கள். கீழே ஸ்டாண்ட் வைத்திருக்கிறீர்கள்தானே?